லைனிங் பாத்தீயளா, அண்ணாச்சி?

2023 தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ராத்திரி பத்தே முக்கால். கடையில் பதினொரு ஜாக்கெட் பாக்கி. காஜா எடுக்கும் பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதுகுவலி ஒரு பக்கம், சேலைக்கு ஃபால்ஸ் கொடுத்துவிட்டு "காலைலயே வேணும்" என்று போனில் நிற்கும் அக்கா இன்னொரு பக்கம். டீ குடிக்க எழுந்தவன் போனைத் திறந்தேன். பறவை பார்க்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து கிடந்தது.

ராஜவல்லிபுரம் குளத்துச் சேற்றில் ஒரு உள்ளான். மேகமூட்டத்தில் எடுத்த படம், பாதி இருட்டு. கீழே "வுட் சாண்ட்பைப்பர் - 1" என்று எழுதியிருந்தது. போட்டது நர்சிங் படிக்கிற ஒரு பிள்ளை. குழுவில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்காது.

நான் எழுதினேன்: "இது கிரீன் சாண்ட்பைப்பர். அடிப்படையே தெரியாமல் பட்டியல் போட வேண்டாம். எண்ணிக்கையை ஏத்துறதுலதான் எல்லாருக்கும் ஆசை."

மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

உள்ளான் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி ஐப்பசியில் வடக்கே இருந்து வந்து எங்கள் குளத்துச் சேற்றில் இறங்கும் பறவைகளில் இந்த இரண்டும் உண்டு. அளவு ஏறக்குறைய ஒன்று. இரண்டுக்கும் வால் தொடங்கும் இடம் வெள்ளை. வுட்டுக்கு முதுகில் வெள்ளைப் பொட்டு பெரிசு பெரிசாக இருக்கும். கண்ணுக்கு மேலே போகும் வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும். கால் மஞ்சளடித்து, கொஞ்சம் உயரம். கிரீனுக்கு முதுகு கறுத்திருக்கும், பொட்டு ஊசிமுனை அளவுதான். வெள்ளைக் கோடு கண்ணோடு நின்றுவிடும். வெளிச்சம் சரியில்லை என்றால் இதெல்லாம் குழம்பும். ஆனால் பறக்கும்போது ஒரு விஷயம் ஏமாற்றாது. இறக்கையின் உள்பக்கம் கிரீனுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு, வுட்டுக்கு வெளுப்பு. நான் அதை லைனிங் என்பேன். தொழில் அப்படி.

காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பிள்ளை குழுவிலிருந்து வெளியேறியிருந்தது. இப்போதெல்லாம் யார் வெளியேறினாலும் வாட்ஸ்அப் அட்மின்களுக்கு மட்டும்தான் காட்டுகிறது, மற்றவர்களுக்கு அறிவிப்பு வராது. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அந்தக் குழுவின் மூன்று அட்மின்களில் நானும் ஒருத்தன்.

ஏழு மணிக்கு வாத்தியார் போன் செய்தார்.

வாத்தியார் எனக்குப் பாடம் எடுத்தவரில்லை. பாளையங்கோட்டையில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2015-ல் என் கடைக்குப் பைனாகுலர் வாரைத் தைத்துத் தரச்சொல்லி வந்தார். சட்டை, பேன்ட், பள்ளிக்கூடப் பை, குடைத்துணி எல்லாம் தைத்திருக்கிறேன். இது புதிசு. "இத வச்சு என்ன சார் பாப்பீங்க?" என்று கேட்டேன். "வாங்க, காட்டுதேன்" என்று மறுநாள் காலை நயினார்குளத்துக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குப் பார்த்த மீன்கொத்தியின் நீலத்துக்கு ஈடாக ஒரு பட்டு இதுவரை என் மேசைக்கு வரவில்லை. அதோடு மாட்டிக்கொண்டேன். இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். என் வீட்டில் இன்னும் பழகவில்லை.

போனில் வாத்தியார் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"லைனிங் பாத்தீயளா, அண்ணாச்சி?"

"படத்துல நின்னுகிட்டுல்லா இருக்கு சார். எப்படித் தெரியும்?"

"அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பறந்ததையும் எடுத்திருக்கு. நேத்தே எனக்குத் தனியா அனுப்பிச்சு. வெளுப்பு."

நான் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் தொடர்ந்தார். "பறவைய தப்பாச் சொன்னது இருக்கட்டும், நானும் சொல்லிருக்கேன். எண்ணிக்கைய ஏத்துதுன்னு எழுதியிருக்கீயளே, அது எதுக்கு?"

அந்தக் கடைசி வரியைப் பற்றி அப்புறம் நிறைய யோசித்தேன். முதல் வரி தப்பு, ஆனால் அது உள்ளானைப் பற்றியது. படத்தைக் காட்டி "இல்லை" என்று யாரும் மறுத்திருக்கலாம், நானும் "சரி" என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது வரியில் அந்தப் பிள்ளையின் படிப்பைத் தொட்டேன். மூன்றாவது வரியில் மனசுக்குள்ளே புகுந்து, நீ பொய்க்காரி என்றேன். அதற்கு யார் எந்தப் படத்தைக் காட்டி மறுக்க முடியும்?

இருபத்தெட்டு வருஷமாகத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் இந்த தீபாவளிக்கு ஏறவில்லை என்று கொண்டுவருவார்கள். எந்த டெய்லரும் "உடம்பு போட்டுட்டீங்க" என்று சொல்ல மாட்டான். "துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும்மா, பிரிச்சு விட்டுத் தாரேன்" என்போம். அதற்காகவே உள்மடிப்பில் ஒரு இன்ச் துணி விட்டுத்தான் தைப்போம். எதிரே நிற்கிற ஆளிடம் இப்படி இருபத்தெட்டு வருஷம் பேசிய வாய், போனில் மூன்று வரி எழுதும்போது எங்கே போனது?

முதலில் அந்தச் செய்தியை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். வாத்தியார் வேண்டாம் என்றார். "நீங்க அழிச்சா, என்ன சண்டைன்னு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவாங்க. அதுக்குக் கீழயே எழுதுங்க." அப்படியே எழுதினேன். பறவை வுட் சாண்ட்பைப்பர்தான், படம் போட்டவர் சரி, நான் சரியாகப் பார்க்காமல் சொன்னேன், கடைசியாக எழுதியது அசிங்கம், மன்னிக்கணும் என்று. கேட்க வேண்டியவர் இல்லாத சபையில் மன்னிப்பு கேட்டேன். அந்த மூன்று கட்டைவிரல்களில் இரண்டு சத்தமில்லாமல் காணாமல் போயின. ஒன்று இன்னும் நிற்கிறது.

அந்தப் பிள்ளைக்குத் தனியாகவும் எழுதினேன். சாயங்காலம் பதில் வந்தது. "பரவாயில்ல அண்ணாச்சி."

இந்தப் பரவாயில்லவை எனக்கு நன்றாகத் தெரியும். பட்டு ஜாக்கெட்டின் கையைத் தப்பாக வெட்டிவிட்டால் சில பேர் சத்தம் போடுவார்கள், காசைத் திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் அடுத்த மாதமே மறுபடி வருவார்கள். சில பேர் சிரித்துக்கொண்டே "பரவாயில்ல" என்று சொல்லி வாங்கிப் போவார்கள். அவர்கள் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

*

இதற்கு நாலு வருஷம் முன்னால் எனக்கே ஒரு கடிதம் வந்தது. நாங்கள் பார்த்ததையெல்லாம் ஈபேர்ட் என்ற தளத்தில் பட்டியலாக ஏற்றுவோம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க ஓடுகிறது. ஒரு மாவட்டத்தில் இந்த மாதத்தில் இந்தப் பறவை இவ்வளவு வரைக்கும் பார்க்கலாம் என்று அதில் ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினாலோ, அங்கே வழக்கமில்லாத பறவையைப் பதிந்தாலோ, விவரம் எழுது என்று கேட்கும். அப்புறம் அந்தப் பகுதிக்கென்று உள்ள சரிபார்ப்பாளர் ஒருவர் அதைப் பார்ப்பார். சம்பளம் கிடையாது, நம்மைப் போலப் பறவை பார்க்கிறவர்தான்.

நான் ஒரு ஜனவரி காலையில் வானத்தில் பெரிதாக ஒன்றைப் பார்த்துவிட்டு ஸ்டெப்பி கழுகு என்று பதிந்தேன். விவரம் கேட்ட பெட்டியில் "பார்த்தேன்" என்று எழுதினேன். இதற்கு மேல் என்ன விவரம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது!

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. பக்கத்தில் பருந்து ஏதாவது பறந்ததா, அதைவிட எவ்வளவு பெரிசு? வட்டமடிக்கும்போது இறக்கையைத் தட்டையாக வைத்திருந்ததா, மேலே தூக்கியா? வாலின் முனை எப்படி? எவ்வளவு தூரம்? சூரியன் எந்தப் பக்கம்? படம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உறுதியாகும்வரை பொதுத் தரவில் காட்டாது, ஆனால் உங்கள் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். நன்றி.

இரண்டு நாள் எனக்குக் கொதித்தது. நான் பொய் சொல்கிறேனா? மூன்றாம் நாள் மறுபடி படித்தேன். கொதிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கேள்வியும் மேலே பறந்ததைப் பற்றி, ஒன்றுகூட என்னைப் பற்றி இல்லை. அப்புறம்தான் பெரிய அவமானம் வந்தது. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னிடம் பதில் இல்லை. தூரத்தில் பெரிசாக ஒன்று பறந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கரும்பருந்தாகவே இருக்கலாம். ஈபேர்டில் "கழுகு, இனம் தெரியவில்லை" என்று பதியவும் வழி இருக்கிறது. மாற்றிவிட்டேன். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு கௌரவமான பெட்டி போட்டு வைத்திருக்கிறார்களே, அதை யோசித்தவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுக்கலாம்.

அந்தச் சரிபார்ப்பாளரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. இப்படி ஒரு மெயிலை வாங்கிய ஆள்தான் நாலு வருஷம் கழித்து அந்த மூன்று வரியை எழுதினான்.

*

எங்கள் குழுவில் இருநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி. டாக்டரம்மா இருக்கிறார், மின்வாரிய லைன்மேன் இருக்கிறார், கல்லூரிப் பிள்ளைகள், வாழைத் தோட்டக்காரர், இரண்டு லட்சத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறவர், அந்த லென்ஸ் வழியாக ஒரு தடவை பார்க்க வரிசையில் நிற்கிறவர். பெரிய சண்டை வராமல் இத்தனை வருஷம் ஓடுகிறது என்றால், அதில் பாதிப் புண்ணியம் வாத்தியாருக்கு. மீதி, அங்கங்கே அடிபட்டுப் போட்டுக்கொண்ட விதிகளுக்கு.

முதல் விதி, பறவை மட்டும். இதை எழுதுவது சுலபம். காலை வணக்கம் வராமல் இருக்க வேண்டுமே! ஒரு ஐயா தினமும் ஆறு மணிக்கு ரோஜாப்பூவும் பொன்மொழியும் அனுப்புவார். விதியைச் சொன்னதும் மறுநாள் பஞ்சவர்ணக்கிளி படத்தோடு இனிய காலை வணக்கம் வந்தது. "இதுல பறவ இருக்கே" என்று வாதம் வேறு. வாத்தியார் மரியாதையாகக் கேட்டார்: "அருமைங்க ஐயா. எந்த ஊர்ல பாத்தீங்க? எத்தன மணிக்கு? எத்தன இருந்துச்சு?" அதோடு சரி. இப்போது அந்த ஐயா வீட்டு மாடியில் வரும் தவிட்டுக்குருவிகளைத் தினமும் எண்ணி எழுதுகிறார். ஏழு, ஏழு, ஆறு, ஏழு. அந்த ஆறு வந்த அன்றைக்கு எல்லாரும் கவலைப்பட்டோம்.

இன்னொரு விதியைப் போட வைத்தது ஒரு கொம்பன் ஆந்தை. ஊருக்கு மேற்கே கைவிட்ட கல்குவாரி ஒன்றின் விளிம்பில் முட்டையிட்டிருந்தது. கேமரா அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் படத்தோடு லொக்கேஷனையும் போட்டார். நல்ல மனசோடுதான் போட்டார், நாமெல்லாரும் பார்க்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை ஆறு கார் நின்றது. எங்கள் குழுவில் இல்லாத முகங்கள். மறைப்பாக இருந்த உடைமரக் கிளையை யாரோ முறித்திருந்தார்கள், படத்துக்கு இடைஞ்சலாம். அடுத்த வாரம் கூடு காலி. காகமா, வெயிலா, ஆளா, யாருக்கும் தெரியாது. தீபாவளி நேரத்தில் வடக்கே ஆந்தையைப் பிடித்து மாந்திரீகத்துக்கு விற்கிறார்கள் என்பதெல்லாம் நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

அன்றைக்குக் குழுவில் நடந்ததுதான் எங்கள் சரித்திரத்திலேயே பெரிய சண்டை. அதிலும் நான் இருந்தேன். (இந்தப் பதிவை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், எல்லாச் சண்டையிலும் நான் இருந்திருக்கிறேன்.) "நம்ம குழுவில் இருக்கவன் எல்லாம் திருடனா?" என்று கேமரா அண்ணாச்சி கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை, அவர் கோபத்தில் போய்விட்டார். பதில் பிறகு தெரிந்தது. இருநூறு பேரும் தங்கமாகவே இருக்கட்டும், ஆளுக்கு ஒரு மச்சினன் இருப்பானே. விதியை எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதினோம்: "கூடு, முட்டை, ஆந்தை - இடம் சொல்லக் கூடாது. உங்களை நம்பாமல் இல்லை. ஃபார்வர்டுக்குக் கண் கிடையாது." படமும் குஞ்சு பறந்த பிறகுதான். ஈபேர்டே சில பறவைகளின் இடத்தைப் பொதுப்பார்வைக்குக் காட்டாமல் மறைக்கிறது, அப்புறம் நாம் எம்மாத்திரம்.

விதி எழுதாமலே நடக்கிற இடமும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. கூந்தன்குளத்தை 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்குப் பல காலம் முன்பிருந்தே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தெருவுக்குள், வீட்டு முற்றத்து மரத்தில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கீழே எச்சம் மழையாகப் பெய்யும், நாற்றம் வேறு. ஒரு முறை நாங்கள் நாலைந்து பேர் அங்கே நின்று, அது வரித்தலை வாத்தா இல்லையா என்று கொஞ்சம் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "மெல்லப் பேசுங்கய்யா, மேல குஞ்சு பொரிச்சிருக்கு." பிள்ளை பெற்ற வீட்டில் சொல்கிற அதே குரல். வாத்து வரித்தலைதானா என்பதை அன்றைக்கு மெல்லவே முடிவு செய்தோம்.

*

ஐப்பசி வந்தால் ஒரு கேள்வி வரும். "வீட்டுக்குள்ள ஒரு குருவி வந்து உக்காந்திருக்கு, பச்சை நீலம் மஞ்சள், வால் கிடையாது, என்ன பறவை?" படமே தேவையில்லை. ஆறுமணிக்குருவி. வடக்கே இருந்து ராத்திரி ராத்திரியாகப் பறந்து வந்து, களைத்து, யார் வீட்டு ஜன்னல் வழியாகவோ விழும். தோட்டக்கள்ளன், பொன்னுத்தொட்டான் என்றும் பேர் உண்டு. எது உண்மையான தமிழ்ப்பேர் என்று ஒரு வருஷம் மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள், டாக்டரம்மா "குழந்தைக்கு மூணு பேர் வச்சா என்ன, கூப்பிட்டா வருதான்னு பாருங்க" என்று முடித்து வைத்தார்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்தக் கேள்வி ஐந்தாறு தடவையாவது வரும். கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவை. கையில் ஒரு உயிர் துடிக்கிறது, அந்த நேரத்தில் "மேலே தேடிப் பாருங்க, ஏற்கெனவே சொல்லியாச்சு" என்று பதில் போட்டால் எப்படி இருக்கும்? எங்கள் குழுவில் ஒரு காலத்தில் அப்படியும் போட்டிருக்கிறார்கள். இப்போது லைன்மேன் தம்பி ஒரு பதிலை எழுதி போனிலேயே வைத்திருக்கிறார். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பூனை பத்திரம், சாயங்காலம் மரங்கள் உள்ள இடத்தில் திறந்து விடுங்கள். கடைசியில் எப்போதும் "பறந்ததும் சொல்லுங்க, காத்திருக்கோம்" என்று இருக்கும். கம்பத்தில் நிற்கும்போதுகூட அனுப்பிவிடுவார் என்று கேலி செய்வோம். சாயங்காலம் "பறந்துட்டு" என்று செய்தி வந்தால் குழுவே கைதட்டும். குழுவில் பாதிப் பேர் அப்படி ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தவர்கள்தான்.

எழுத்தில் எங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது திருநெல்வேலிக்காரனுக்கே உரியது. நேரில் "ஏலே, கண்ணு தெரியுதா ஒனக்கு" என்றால் தோளில் கை போடுகிறான் என்று அர்த்தம். அதையே போனில் படித்துப் பாருங்கள், கன்னத்தில் விழும். நீ என்று எழுதலாமா, நீங்க என்று எழுதணுமா? வயசு தெரியாது, முகம் தெரியாது, படத்துக்குப் பதில் மரங்கொத்தி வைத்திருப்பான். அதனால் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் எங்கள் குழுவில் நீங்கதான். அந்தப் பையன்கள் வாத்தியாரை நேரில் பார்க்கும்போதுகூட அவர் "நீங்க" என்றே பேசுவார். ஒருத்தன் என்னிடம் வந்து, "வாத்தியாருக்கு எம்மேல கோவமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

அப்புறம் ராத்திரிப் பூட்டு. என் சண்டைக்குப் பிறகு வாத்தியார் பழைய சண்டைகளையெல்லாம் மேலே தேடிப்போய் நேரத்தைக் குறித்தார். ஒன்றைத் தவிர எல்லாம் ராத்திரி பத்துக்கு மேல். அதிலிருந்து பத்து மணிக்குக் குழுவைப் பூட்டிவிட்டு, காலை ஐந்துக்குத் திறக்கிறோம். ஆந்தை பார்க்கிறவர்கள் மட்டும் முணுமுணுக்கிறார்கள்.

*

பறவை மட்டும் என்ற விதியை ஒரே ஒரு தடவை தளர்த்தினோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷனுக்குள் வந்தது. என் கடையில் இடுப்பளவு தண்ணீர். நாலு நாள் எங்கள் குழுவில் ஒரு கொக்குகூட இல்லை. எந்த ரோடு துண்டித்தது, யார் மாடியில் நிற்கிறார்கள், பால் எங்கே கிடைக்கும், ஓவர்லாக் மிஷின் மோட்டாருக்குள் தண்ணீர் போனால் காய வைத்தால் போதுமா? குளங்களுக்குப் போகும் குறுக்கு வழியெல்லாம் தெரிந்த கூட்டம் என்பதால் பல பேருக்கு உபயோகமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் என் மிஷின்களைத் தூக்க ஆள் தேடினேன். வந்தது கேமரா அண்ணாச்சி. குழுவில் இல்லாதவர், யார் சொல்லி வந்தார் என்று நான் கேட்கவில்லை. ஆந்தையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. சேற்றில் ஊறிய துணிக்கட்டைத் தூக்கும்போது, "இது என்ன கலர் இருந்துச்சு?" என்று கேட்டார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் வாத்தியார் எழுதினார்: "நயினார்குளத்தில் நாமக்கோழி 40. இனி பறவை மட்டும்." அன்று ராத்திரி கேமரா அண்ணாச்சியை மறுபடி சேர்த்தேன்.

அந்த நாலு நாளில், எல்லார் பேரையும் சரிபார்த்தபோது, அந்தப் பிள்ளைக்கும் எழுதினேன். வீட்டுக்குத் தண்ணி வந்துச்சா என்று. "இல்ல அண்ணாச்சி, நல்லா இருக்கோம். உங்க கடை?" என்று பதில் வந்தது. கடையைப் பற்றிச் சொன்னேன். ஜனவரிக் கணக்கெடுப்புக்கு வாயேன் என்று எழுதி, "வாங்க" என்று திருத்தி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். கூப்பிட்டால் "பார்க்கிறேன்" என்று மரியாதைக்குச் சொல்ல வைக்கணும், எதற்கு?

ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குழுக்குழுவாகப் பிரித்து அனுப்புவார்கள். விடியற்காலையில் போய், பத்துப் பத்தாக எண்ணிப் பழகி, கூட்டம் பெரிசானால் ஐம்பது ஐம்பதாகத் தாண்டி, ஒன்பது மணிக்கு வரப்பில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் மிளகாய்ப்பொடி ஊறிய இட்லி. அந்த இட்லியைப் பங்குபோட்டவரிடம் ராத்திரி போனில் "அடிப்படையே தெரியாமல்" என்று எழுத விரல் வராது. என்னோடு மோதிய ஆட்களை எண்ணிப் பார்த்தேன். கேமரா அண்ணாச்சியைத் தவிர ஒருத்தரோடுகூட நான் வரப்பில் உட்கார்ந்ததில்லை. அந்தப் பிள்ளையையும் நான் நேரில் பார்த்ததே இல்லை. இன்றுவரை இல்லை.

ஆனால் பறவை பார்ப்பதை அது விடவில்லை. ஈபேர்டில் மாவட்டப் பட்டியல்களைத் திறந்தால் பேர் வரும். போன பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நாலு நாளும் பட்டியல் போட்டிருந்தது. பதினைந்து நிமிஷம் பார்த்தால் போதும் என்பது கணக்கு, அது ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறது. மூன்றாம் நாள் பட்டியல் அதே ராஜவல்லிபுரம். நீர்க்காகம், நாமக்கோழி, தாழைக்கோழி. வரிசையில் கீழே போனால் வுட் சாண்ட்பைப்பர் - 14. அதற்குக் கீழே ஒரு குறிப்பு.

எங்கள் மாவட்டத்தில் ஜனவரியில் பதினான்கு வுட் சாண்ட்பைப்பருக்கு யாரும் விவரம் கேட்பதில்லை. பெட்டியே வராது, நாமாகத் திறந்து எழுதினால்தான் உண்டு. பழைய பட்டியல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 2023 ஐப்பசிக்கு முந்தியவற்றில் எந்தப் பறவைக்கும் குறிப்பு இல்லை. அதற்குப் பிந்தியவற்றில் இந்தப் பறவை வந்த ஒவ்வொரு தடவையும், ஒன்று இருந்தாலும் பதினான்கு இருந்தாலும், அதே வரி இருக்கிறது:

"பறக்கும்போது பார்த்தேன். இறக்கையின் உள்பக்கம் வெளுப்பு. படம் இருக்கிறது."